பெஞ்சின் முதுகில் தெரிந்த எழுத்துகள் தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மகளைக் கட்டிக்கொண்டவனின் தகப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் மகனும் நலம். தங்கள் மகளும் நலமாகவே இருக்கிறாள் என்று நம்புகிறேன். நேற்று மாலையிலிருந்து என்னைக் கண்டாலே வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிடுவதால், கிட்டப் போய் விசாரிக்க முடியவில்லை. தங்கள் நலமும் சம்பந்தியம்மாவின் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

என் மகனின் கைப்பேசிக்குத் தாங்கள் அனுப்பிய செய்தி வந்து சேர்ந்தது. "போட்டோவைப் பாத்தேன். போன்ல பேசக்கூட முடியாம அழறா. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்." இவ்வளவுதான் செய்தி. மகன் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "அப்பா, இதுக்கு நீங்களே பதில் சொல்லிக்கங்க, எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். உடனே தங்களைக் கூப்பிட்டேன். கோபம் வந்தால் தாங்கள் கைப்பேசியை அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவீர்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஆகவே இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமைக்குள் தங்கள் கையில் சேர்த்துவிடுவதாகக் கூரியர்காரர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் ஊருக்கெல்லாம் பதில் எழுதியே ஓய்வு பெற்றவன் நான். 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்று எழுதிப் பழகிய கை, இன்று தன் மேல் வந்த புகாருக்கே பதில் எழுதுகிறது. தாங்களோ கணக்கு வாத்தியாராக இருந்தவர். விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் போட மாட்டீர்களாம், வழியையும் காட்ட வேண்டுமாம். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் புகைப்படத்தில் தங்கள் மகளின் தலைக்குப் பக்கத்தில் தெரியும் வாசகத்தை எழுதியவன் நான் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் இல்லை. இனி வழி.

ஓய்வு பெற்றதிலிருந்து எனக்குக் கை சும்மா இருப்பதில்லை. முதலில் வீட்டுக் குழாய்களை எல்லாம் கழற்றி மாட்டினேன். அதுவரை ஒழுகாத குழாய்கள் ஒழுகத் தொடங்கின. பிறகு கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். இப்போது லேசாகக் காற்றடித்தால்கூட எல்லாக் கதவும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக அறைகின்றன. யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "கொஞ்ச நேரம் உக்காருங்களேன்" என்றாள் மனைவி. "உக்காருங்கப்பா" என்றான் மகன். இரத்த அழுத்தம் பார்க்கப் போனால் மருத்துவரும் "முதல்ல உக்காருங்க" என்கிறார். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது, கால் ஆடினால் மேசை ஆடுகிறது, மேசை ஆடினால் அதைச் சரிசெய்ய எழுந்துவிடுகிறேன். இப்படியே வீட்டுக்குள் சரிசெய்ய ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தில் இறங்கினேன். துணி காயப்போடப் போகிறவர்கள் காலில் சேறு படாமல் இருக்கட்டும் என்று கல் பதித்து ஒரு நடைபாதை போட்டேன். பாதை என்னவோ நன்றாகத்தான் வந்தது. சரிவுதான் எதிர்ப்பக்கமாக அமைந்துவிட்டது. முதல் மழைக்கே தோட்டத்துத் தண்ணீர் முழுவதும் அந்தப் பாதையில் விருந்தாளி மாதிரி நடந்து வந்து சமையலறைக்குள் புகுந்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் 'தண்ணீர் வரவில்லை' என்ற புகாரையே கேட்டவன், 'தண்ணி வந்துடுச்சு' என்ற புகாரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன், அதுவும் கட்டிய மனைவியிடமிருந்து.

அந்தத் தண்ணீரை நானும் தங்கள் மகளும்தான் துடைப்பமும் கையுமாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தோம். அப்போது அவள் பின்கதவு வழியாக எட்டிப் பார்த்து, "மாமா, அந்த மூலைல ஒரு பெஞ்ச் இருந்தா சாயங்காலம் உக்காந்து காத்து வாங்கலாம்ல? நீங்க செய்வீங்களா?" என்று கேட்டாள். சம்பந்தி, இதைக் கவனிக்க வேண்டும். இந்த வீட்டில் எல்லோரும் என்னை எதையும் செய்யாமல் இருக்கச் சொல்கிறவர்கள். செய்வீங்களா என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். அன்று பெய்த மழையிலேயே முழக்கோலை எடுத்துக்கொண்டு மூலையை அளக்கப் போய்விட்டேன். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்டியேம்மா" என்று என் மனைவி அவளிடம் சொன்னது காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

வெளியில் மழையிலும் வெயிலிலும் கிடக்க வேண்டிய பெஞ்சு. சாதாரண மரத்தில் செய்தால் ஒரு மழைக்கு ஊதி மறு வெயிலுக்கு வெடித்துவிடும். வைரம் பாய்ந்த மரம் வேண்டும். மரக்கடைக்குப் போனேன். விஷயம் தெரிந்தவன் மாதிரி ஒவ்வொரு பலகையாக விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டு, தேக்கு என்ன விலை என்று கேட்டேன். கடைக்காரர் சொன்னார். "ஒரு லாரிக்கா?" என்றேன். "ஒரு பலகைக்கு" என்றார். அந்தப் பலகையை மறுபடி தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. "விலை கம்மியா, ஆனா நல்லா வைரமா ஏதாவது இருக்குமா?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணா வேணும்னா நீங்களே நட்டு வளர்த்துக்கணும் சார்" என்றார். ஒரு கணம் அந்த யோசனையும் ஓடியது. என் வயதை நினைத்து அதைக் கைவிட்டேன்.

அடுத்து ஒரு தொழிற்சாலையின் பின்வாசல். இயந்திரங்கள் வந்து இறங்கும் மரத்தட்டுகளை, பேலட் என்பார்களே, அவற்றை அங்கே மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். காவலாளியிடம் குடும்ப நலம் எல்லாம் விசாரித்து ஒன்றை வாங்கித் தலையில் சுமந்துகொண்டு வந்தேன். வழியில் ஒரு கார் நின்றது. உள்ளே மகனின் மேலதிகாரி. அவர் என்னை ஒரே முறைதான், கல்யாணத்தில், சலவைச் சட்டையில் பார்த்திருக்கிறார். கண்ணாடியை இறக்கி, "பெரியவரே, எங்க வீட்டுலயும் பழைய சாமான் நிறைய கிடக்கு, எப்ப வந்து எடுத்துக்கிறீங்க?" என்றார். நான் யாரென்று சொல்லியிருக்க வேண்டும்தான். ஆனால் அந்தச் சாமானில் மரம் இருந்தாலும் இருக்கலாமே என்று தோன்றிவிட்டது. "நாளைக்கே வரேன்" என்று சொல்லிவிட்டேன், போயும் வந்தேன். அங்கே கிடைத்தது ஓட்டைக் குடையும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியும். சுமந்து வந்த பேலட்டோ பஞ்சு. விரலால் அமுக்கினாலே ஆணி இறங்கியது. மகன் என்னோடு பேசாமல் இருந்ததுதான் மிச்சம்.

இந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு வக்கீல் மதிற்சுவருக்கு மேல் தலையை நீட்டினார். அவர் வீட்டு மரத்தின் வேர் சுவரைத் தள்ளுகிறதாம். "வெட்ட ஏற்பாடு பண்ணுங்க, மரத்தை நீங்களே வச்சுக்கங்க. இலவசம்" என்றார். இலவசம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு எனக்கு வேறு எந்தச் சொல்லும் விழவில்லை. மரம் வெட்டுகிறவர் வந்து, "எந்தப் பக்கம் சாய்க்கட்டும்?" என்று கேட்டார். கம்பீரமாகத் தெருப்பக்கம் கையைக் காட்டினேன். மரத்துக்கு வேறு எண்ணம் இருந்தது. அது சுவரைத் தாண்டி எங்கள் தோட்டத்துக்குள்ளேயே வந்து, துணிக்கொடியையும் கொடியில் இருந்த அத்தனை துணியையும் அணைத்துக்கொண்டு படுத்தது. "பாத்தியா, தூக்கிட்டு வர்ற கூலி மிச்சம்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் மரத்துக்கடியில் இருந்து ஒரு தலையணை உறையை உருவிக்கொண்டிருந்தாள். அங்கேயே அறுத்துப் பலகையாக்கிவிட்டு அந்த ஆள் கிளம்பும்போது, "பச்சை மரம் சார், காயணும்" என்றார். எத்தனை நாள் என்றேன். "அடுத்த வருஷம் இந்நேரம் வந்து தொட்டுப் பாருங்க" என்றார்.

அடுத்த வருஷம்! எனக்கு அடுத்த வேளைச் சோறு வரைக்கும் பொறுமை கிடையாது. செங்கல் முட்டுக் கொடுத்து, காற்றுப் புக இடைவெளி விட்டு, பலகைகளைத் தோட்டம் முழுக்க அடுக்கினேன். அப்படியும் மனம் கேட்கவில்லை. கூடத்து மின்விசிறியைக் கொண்டுபோய் அவற்றுக்கு முன்னால் வைத்தேன். காற்று வாங்கப் பெஞ்சு கேட்டவள் உள்ளே செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருக்க, பெஞ்சாக வேண்டிய மரம் வெளியே ஜம்மென்று காற்று வாங்கியது. மனைவி வாசற்படியில் நின்று அந்த அடுக்குகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். "பெஞ்சு செஞ்சா அதை எங்க போடுவீங்க?" என்றாள். நியாயமான கேள்வி. தோட்டத்தில் ஒரு பூனை படுக்கக்கூட இடமில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் கிளம்பினால் மதியம், மதியம் கிளம்பினால் இருட்டு என்று எங்கே எந்தக் கட்டையைக் கண்டாலும் நின்று தட்டிப் பார்ப்பவனாகிவிட்டேன். ஒரு துக்க வீட்டுக்குப் போன இடத்தில், நான் உட்கார்ந்த நாற்காலியைக் குப்புறக் கவிழ்த்துப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அது கொஞ்சம் மிகை. சாய்த்துத்தான் பார்த்தேன். அப்படி அலைந்த ஒரு நாள்தான் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றைக் கடந்தேன். ஒரு கிழட்டு லாரியை உரித்துக்கொண்டிருந்தார்கள். அதன் பலகைகள் ஒரு மூலையில் கிடந்தன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. இரண்டு கையாலும் தூக்கினேன், இடுப்புத்தான் அசைந்தது. சம்பந்தி, தூக்க முடியாத ஒரு பொருளைப் பார்த்து ஒரு மனிதனுக்கு அவ்வளவு சந்தோஷம் வருமா? எனக்கு வந்தது. "இதுவா சார்? ஆணி இறங்காது. அடுப்புல வச்சாலும் லேசுல பத்தாது. எடுத்துட்டுப் போனீங்கன்னா எனக்கு இடம் மிச்சம்" என்றார் பட்டறைக்காரர். ஒப்புக்கு ஒரு விலை கேட்டார். அதை மரக்கடைக்காரரிடம் சொன்னால் அவர் கடையை மூடிவிடுவார்.

பலகை மேல் கிரீஸ், கிரீஸுக்கு அடியில் மண், மண்ணுக்கு அடியில் பெயிண்ட், அந்தப் பெயிண்டுக்கு அடியில் இன்னொரு பெயிண்ட். எல்லாவற்றையும் சுரண்டினேன். இழைப்புளியைப் போட்டால் கண்ணாடி மேல் வழுக்குவது போல வழுக்கியது. துளை போடும் கருவி புகைந்தது. இழைக்கும் சத்தம் தாங்காமல் வக்கீல் எனக்கு எழுத்து மூலம் ஒரு புகார் கொடுத்தார். 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்று பதில் எழுதிச் சுவருக்கு மேலேயே நீட்டினேன். பழக்க தோஷம். ஆனால் வேலை முடிந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெஞ்சு ஆடவில்லை. நான் தொட்டதில் ஆடாமல் நின்ற முதல் பொருள் அது. நான் ஏறி நின்றேன். மனைவியை ஏறச் சொன்னேன். வக்கீலைக் கூப்பிட்டு அவரையும் ஏறச் சொன்னேன். மூன்று பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். ஆடவில்லை. அடுக்கிய பலகைகளை நெருக்கித் தள்ளி அந்த மூலையில் இடம் பண்ணினேன். நேற்று மதியம் ஆளி விதை எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரு பூச்சுப் பூசி வெயிலில் காயவிட்டேன். மரம் தேன் நிறத்துக்கு வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தங்கள் மகள் சில மாதங்களாக உடம்பைக் குறைக்க வேண்டும் என்று காலையில் நடப்பதும் இனிப்பைத் தள்ளிவைப்பதுமாக இருப்பது தாங்கள் அறிந்ததே. எப்படி இருந்தாலும் அவள் எங்களுக்கு அழகுதான். என்றாலும் அவள் மனம் கோணக் கூடாதென்று எங்கள் வீட்டில் 'எடை' என்ற சொல்லையே யாரும் எடுப்பதில்லை. பழைய பேப்பர்காரரிடம்கூட 'எவ்வளவு தேறும்?' என்றுதான் கேட்கிறோம். அப்படிப்பட்ட வீட்டில்தான் இது நடந்தது.

சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்தாள். கண்ணை மூடச் சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். "அய்யோ மாமா, எவ்ளோ நல்லா இருக்கு!" என்றாள். அந்த வார்த்தைக்காக நான் இன்னொரு லாரியையே உரித்திருப்பேன். கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்துகொண்டாள். மனைவி கைப்பேசியில் படம் எடுத்தாள். அவளுக்குக் கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் இருப்பது தெரியாது. எடுத்த படம் எப்படியோ இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான குழுவுக்குப் போய்விட்டது. தங்கள் ஒன்றுவிட்ட தம்பி முதல் ஆளாகக் கைதட்டும் படம் போட்டார். ஏன் கைதட்டுகிறார் என்று நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு பெஞ்சைப் பார்த்தேன். நான் சுரண்டி, இழைத்து, ஒன்றுமே இல்லை என்று தடவித் தடவிப் பார்த்த அதே சாய்வுப் பலகையில், எண்ணெய் குடித்து வெயில் பட்டதும் பழைய எழுத்து மேலே வந்திருந்தது. அவள் தலைக்குப் பக்கத்தில், கொட்டை கொட்டையாக, வளைவு நெளிவெல்லாம் சுத்தமாக: 'அதிக பாரம் ஆபத்து.'

எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் திரும்பிப் படித்தாள். முகம் சிவந்தது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் தங்களைக் கைப்பேசியில் கூப்பிட்டது அப்போதுதான். நான் கதவுக்கு வெளியே நின்று, "அம்மா, அது லாரிக்காரர் எழுதினதும்மா, உன்னைச் சொல்லலம்மா" என்றேன். உள்ளே விசும்பல் அதிகமாயிற்று. "லாரியைத்தான்மா சொல்லியிருக்கு" என்றேன். கட்டிலில் விழுகிற சத்தம் கேட்டது. மகன் வந்து என்னை அப்பால் இழுத்துக்கொண்டு போனான்.

சம்பந்தி, நான் பேசத் தெரியாதவன். அலுவலகத்திலும் மற்றவர் எழுதிவைத்த வாக்கியங்களைத்தான் எழுதினேன். அந்தப் பெண்ணுக்காக என் கையால் ஒன்று செய்ய வேண்டும் என்று நினைத்தேன், அது அவளையே குத்திவிட்டது. நேற்றிலிருந்து நான் எங்கும் போகவில்லை, எதையும் தட்டிப் பார்க்கவில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவி பயந்துபோய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நாளைக் காலையில் முதல் வேலையாக அந்தப் பெஞ்சைக் கோடாலியால் பிளந்துவிடப் போகிறேன். அந்த மரம் பிளக்காது என்றால் லாரிப் பட்டறையிலேயே திருப்பி விட்டுவிடுவேன். இழைப்புளியையும் உளியையும் யாருக்காவது கொடுத்துவிடுவேன். வக்கீலின் மரத்தை வக்கீலே வைத்துக்கொள்ளட்டும். இனி இந்த வீட்டில் என்னால் ஒரு கட்டைகூட அசையாது. ஞாயிற்றுக்கிழமை தாங்கள் அவசியம் வர வேண்டும், சாப்பிட வேண்டும், கடையில் வாங்கிய நாற்காலியில் உட்கார வேண்டும். பெண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். அவள் போனால் இந்த வீட்டில் என்னிடம் 'செய்வீங்களா' என்று கேட்க ஆளில்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கத்தையும், வீட்டில் சின்னவர்களுக்கு ஆசியையும் சொல்லவும். தங்கள் கோபம் ஆறவும், தங்கள் கைப்பேசி அலமாரியிலிருந்து வெளியே வரவும் வேண்டிக்கொண்டு,

புகாருக்குள்ளான தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: தங்கள் வீட்டு எண் எனக்குச் சரியாக நினைவில்லை. மகன் வேலைக்குப் போய்விட்டான். கவரை மூடாமல் மருமகளிடமே கொடுத்து விலாசம் எழுதி அனுப்பச் சொல்லப் போகிறேன். பிறர் கடிதத்தைப் படிக்கிற பெண் இல்லை அவள்.

அப்பாவுக்கு: படிச்சிட்டேன். நான் அழலப்பா. சிரிச்சேன். அதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன், சிரிப்புல வார்த்தையே வரல. நீங்க "அழாதம்மா, அப்பா வரேன்"னு சொல்லி வச்சிட்டீங்க. அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அணைச்சே கிடக்கு. மாமா கதவுக்கு வெளிய நின்னு "லாரியைத்தான்மா சொல்லியிருக்கு"ன்னதும் நான் கட்டில்லயே விழுந்துட்டேன். இப்பவும் அவர் முகத்தைப் பாத்தா சிரிப்பு பீறிட்டு வருது, சிரிச்சா அவர் மனசு நோகுமேன்னுதான் ஓடுறேன். அந்தப் போட்டோவை அத்தை போடல. எடுத்த படத்தை அத்தை காட்டினப்பவே நான் எழுத்தைப் பாத்துட்டேன். அத்தை போன்ல இருந்து நான்தான் போட்டேன், எழுத்து நல்லாத் தெரியணும்னு கொஞ்சம் பெரிசாக்கி. கோடாலியை அரிசி டப்பாவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கேன். பெஞ்சு எங்கயும் போகாது. மாமாகிட்ட இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது சொல்லிடுறேன், சிரிக்காம சொல்ல முடிஞ்சா.

ஞாயித்துக்கிழமை கட்டாயம் வாங்க. பெட்டி கொண்டு வர வேணாம். ஒரு நல்ல சின்ன இழைப்புளி மட்டும் வாங்கிட்டு வாங்க. மாமாவோடது என் கைக்கு அடங்கல. லீவு நாள்ல அவர் மரம் தேடிக் கிளம்பின பொழுதெல்லாம் தோட்டத்துல அடுக்கியிருக்கிற வக்கீல் வீட்டு மரப் பலகையில கொஞ்சம் கொஞ்சமா நான்தான் இழைச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன். அந்த மரம் சுருள் சுருளா வர்றது இருக்கே, அப்பா, அதை விடவே மனசு வரல.